பழைய ஸ்பீக்கர் பெட்டிகளின் கிராஸ்ஓவரைப் புதுப்பித்தல்: பலனும் பிழையும்

ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, தாழ்ந்த பகுதியை ஊஃபருக்கும் உயர்ந்த பகுதியை ட்வீட்டருக்கும் அனுப்பும் சிறு சுற்றுதான் கிராஸ்ஓவர். பெட்டியின் பின்பலகையிலோ அடிப்பலகையிலோ அது திருகி வைக்கப்பட்டிருக்கும். அதில் இருப்பவை பெரும்பாலும் மூன்றே வகைப் பொருள்கள்: காயில், கண்டென்சர், ரெசிஸ்டர். காயில் உயர்ந்த அதிர்வெண்ணை மறிக்கும். கண்டென்சர் தாழ்ந்த அதிர்வெண்ணை மறிக்கும். ஊஃபரைவிட உரக்க ஒலிக்கும் ட்வீட்டரை அடக்கி இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது ரெசிஸ்டரின் வேலை. 8 ஓம் ட்வீட்டரோடு 5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைத் தொடராக இணைத்தால், ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதம் சரியும். கண்டென்சரோடு ஒரு காயிலும் சேர்ந்தால் சரிவு 12 டெசிபல் ஆகும். எவ்வளவு பெரிய கிராஸ்ஓவரும் இந்த அடிப்படையின் விரிவுதான்.

முப்பது, நாற்பது ஆண்டு கண்ட பெட்டிகளில் இந்தச் சுற்றைக் கழற்றிப் புதிதாக்கும் வழக்கம் உலகெங்கும் பழைய ஒலிக்கருவி ஆர்வலரிடம் பரவியிருக்கிறது. ஆனால் புதுப்பித்தல் என்ற பெயரில் இரண்டு வேலைகள் கலந்து நடக்கின்றன. கெட்டுப்போன பொருளை எடுத்துவிட்டு, அது புதிதாக இருந்தபோது எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொள்ளும் பொருளை வைப்பது ஒன்று. கெடாத பொருளையும் எடுத்துவிட்டு, விலையும் பெயரும் கூடிய பொருளை வைத்து ஒலி உயரும் என்று எதிர்பார்ப்பது மற்றொன்று. முதலாவது பழுதுபார்ப்பு; இரண்டாவது மறுவடிவமைப்பு. மறுவடிவமைப்புக்கு உரிய அளவீடு எதையும் செய்யாமல் அதில் இறங்குவதால்தான் இந்த வழக்கத்தின் கெட்ட பெயர் முழுவதும் வந்தது.

இந்த வழக்கத்தைத் தென் தமிழ்நாட்டில் வைத்துப் பார்த்தால், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருக்கும் மம்சாபுரம் போன்ற ஊர்களில் கிராஸ்ஓவர் உள்ள பெட்டி காலம் கடந்துதான் வந்தது. இந்த வட்டாரம் முதலில் பழகிய ஒலிபெருக்கி மைக் செட்காரர் மரத்திலும் கம்பத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அதற்குள் இருப்பது ஒரே ஒரு யூனிட். பிரித்துக் கொடுக்க இரண்டாவது யூனிட் இல்லாததால் கிராஸ்ஓவருக்கு இடமே இல்லை. வால்வு ரேடியோவும் அப்படித்தான்: இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தென்மாவட்டங்கள் கேட்டது பெரும்பாலும் ஒற்றைக் கோன் ஸ்பீக்கரில். திரையரங்கின் திரைக்குப் பின்னால் நின்ற பெரிய கொம்புப் பெட்டிகளில் மட்டும் இருவழிப் பிரிப்பு இருந்தது. 1945இல் வந்த ஆல்டெக் லான்சிங் ஏ4 அந்த வகைக்கு முன்மாதிரி. அதில் பிரிப்பு 500 ஹெர்ட்ஸில்.

வீட்டுக்கும் கடைக்கும் இருவழி, மூவழிப் பெட்டி வந்தது கேசட் காலத்தில். 1980களில் ஒவ்வோர் ஊரின் கடைவீதியிலும் முளைத்த ரெக்கார்டிங் சென்டர்கள் வாசலில் பெரிய பெட்டிகளை நிறுத்தி வைத்தன. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் தீர்வையும் கடுமையாக இருந்ததால், பெட்டிகள் வந்த வழிகள் சிலவே. 1970இல் கல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன், மும்பையின் காஸ்மிக் போன்ற இந்தியத் தயாரிப்புகள் ஒரு வழி. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் தூக்கி வந்த ஜப்பானியப் பெட்டிகள் இன்னொன்று. பிலிப்ஸ் யூனிட்டுகளை வாங்கி, தச்சரிடம் பலகை அறுத்து உள்ளூரிலேயே கட்டிய பெட்டிகள் மூன்றாவது. இவற்றோடு நான்காவதாக விழாப் பெட்டிகளைச் சேர்க்க வேண்டும். கோயில் விழாக்களுக்கு அனுமதி தரும்போது, கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும் என்று நிபந்தனை விதிப்பது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அதனால் குழாய் ஸ்பீக்கரோடு மட்டும் தொழில் செய்தவர்களும் கொம்பு ட்வீட்டர் வைத்த பெட்டிகளுக்கு மாறினார்கள். கிராஸ்ஓவரும் அவர்கள் பராமரிக்க வேண்டிய பொருளானது. அமெரிக்க, ஆங்கிலப் பெட்டிகளை வைத்து எழுதப்பட்ட அறிவுரைகள் இந்த நான்கு வகைக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

பழைய கிராஸ்ஓவரில் முதலில் கெடுவது எலக்ட்ரோலிடிக் கண்டென்சர். அலுமினியத் தகடுகளுக்கு இடையே ஊறிய நீர்மம் ஆண்டுக்கணக்கில் கசிந்து வற்றும்போது இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. ஒன்று, கொள்ளளவு நகர்கிறது. பெரும்பாலும் குறையும், சில தயாரிப்புகளில் கூடுவதும் உண்டு. மற்றது, கண்டென்சருக்குள்ளேயே இருக்கும் தொடர்தடை உயர்கிறது. 5 மைக்ரோஃபாரட் 3.5 ஆகக் குறைந்தால் பிரிப்பு 4,000 ஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 5,700க்கு ஏறிவிடும்; ஊஃபர் விட்ட இடத்துக்கும் ட்வீட்டர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே பள்ளம் விழும். பாட்டில் சொற்களின் மெய்யெழுத்துகள் தெளிவாக ஒலிக்க வேண்டிய இடம் அது. தொடர்தடை அரை ஓமிலிருந்து 2 ஓமுக்கு உயர்ந்தால், 6 ஓம் ட்வீட்டரின் ஒலி 1.8 டெசிபல் அளவுக்குத் தாழும். இரண்டும் சேர்ந்து நிகழும்போது பெட்டிமேல் கம்பளி போர்த்தியது போல ஒலி மங்கும். பல ஆண்டுகளில் மெதுவாக நிகழ்வதால், தினமும் கேட்பவருக்கு மாற்றம் தெரிவதே இல்லை.

வெப்பம் இந்தத் தேய்மானத்தைத் துரிதப்படுத்தும். ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் எலக்ட்ரோலிடிக்கின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கையாளும் கணக்கு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கண்டென்சர், 45 டிகிரியில் பதினாறு மடங்கு, அதாவது 32,000 மணி நேரம் தாங்க வேண்டும். தொடர்ச்சியாகக் கணக்கிட்டால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். முழு மின்னோட்டத்தோடு ஓடும் நிலைக்கான கணக்கு இது. வீட்டுக் கிராஸ்ஓவரில் மின்னோட்டம் சிறிது, ஓடும் நேரமும் குறைவு என்பதால் கண்டென்சர்கள் அதைவிடப் பல மடங்கு நீடித்திருக்கின்றன. ஆனாலும் தகரக் கொட்டகைக்குள் கோடை முழுவதும் அடைந்து கிடக்கும் விழாப் பெட்டியையும் இங்கிலாந்தின் குளிர்ந்த வரவேற்பறையில் இருந்த பெட்டியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே நாற்பது ஆண்டு கழித்தும் சரியான அளவு காட்டும் கண்டென்சர் உண்டு என்பதை நம்பி, இங்கே அளக்காமல் விட்டுவிடக் கூடாது.

காயில் இதற்கு எதிர்மாறானது. அதன் செம்புச் சுருள் காலத்தால் இளைப்பதில்லை. காயில் எரிந்தோ கம்பி அறுந்தோ போனாலொழிய அதைத் தொடக் காரணமில்லை. ரெசிஸ்டர் கருகியிருந்தால் கண்ணுக்கே தெரியும். ஒலிக் கோளாறுக்குக் காரணமாக இருந்தும் அடிக்கடி கவனிக்கப்படாமல் போவன இணைப்புகள்: தளர்ந்த பற்றவைப்பு, பச்சை பூத்த முனை, ஆக்சைடு படிந்த அளவுத் திருகி. 1967இல் வந்த அமெரிக்காவின் ஏஆர்-3ஏ பெட்டியின் பின்புறத் திருகிகள் இதற்குப் பேர்போனவை. தொடர்பு விட்டுப்போய் ட்வீட்டரோ நடு யூனிட்டோ ஊமையாகிவிட, யூனிட்டே எரிந்துவிட்டது என்று எண்ணித் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. திருகியைக் கழற்றித் துடைத்ததில் மட்டுமே பல பெட்டிகள் உயிர் பெற்றன.

புதுப்பித்தலின் முதல் நன்மை இங்கிருந்தே புரியும். பழுதுபட்ட கண்டென்சரை மாற்றுவதால் கிடைக்கும் பலன் கற்பனையல்ல. அளவுமானியில் தெரியும், காதிலும் தெரியும். இரண்டாவது நன்மை பேசப்படுவது குறைவு, ஆனால் மதிப்பில் குறைந்ததல்ல. பழைய எலக்ட்ரோலிடிக்குகள் குறித்த அளவிலிருந்து 20 சதவீதம் வரை விலகியிருக்க அனுமதி பெற்றே ஆலையிலிருந்து வந்தவை. வயதாகும்போது இடப் பெட்டியும் வலப் பெட்டியும் வெவ்வேறு திசையில் நகர்ந்துவிடும். ஸ்டீரியோ ஒலியில் பாடுபவர் நடுவில் நிற்க வேண்டுமானால் இரு பெட்டிகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் அமைந்த புதிய கண்டென்சர்களை அளந்து இணைசேர்த்து வைத்தால், ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிடவும் அந்த ஜோடி ஒத்துப்போகும். மூன்றாவது நன்மை பாதுகாப்பு. மிகப் பழைய எண்ணெய்க் கண்டென்சர்கள் சிலவற்றில் பிசிபி எனப்படும் நச்சு எண்ணெய் உண்டு. அமெரிக்கா 1979இல் அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலக அளவில் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் வைத்தது. கசியும் எண்ணெய் டப்பாவை வெறுங்கையால் தொடாமல் அகற்றுவது ஒலித்தரத்தோடு தொடர்பில்லாத கட்டாயம்.

பிழைகள் தொடங்கும் இடம் பதிலாக எதை வைப்பது என்ற கேள்வி. பரவலான அறிவுரை: எலக்ட்ரோலிடிக்கை எடுத்துவிட்டு பாலிப்ரொப்பிலீன் பிலிம் கண்டென்சர் வை. பிலிம் கண்டென்சர் வற்றுவதில்லை, அளவு பிசகுவதில்லை, உள்தடை ஏறக்குறைய பூஜ்யம். கடைசியில் சொன்ன குணம்தான் சிக்கல். பழைய வடிவமைப்பாளர் எலக்ட்ரோலிடிக்கின் அரை ஓம் உள்தடையையும் சேர்த்தே ட்வீட்டரின் மட்டத்தைக் கேட்டு முடிவுசெய்திருப்பார். பிலிமை வைத்ததும் அந்தத் தடை மறைந்து, 6 ஓம் ட்வீட்டர் 0.7 டெசிபல் உயரும். பரந்த அதிர்வெண் பகுதி முழுவதும் ஏற்படும் இத்தகைய உயர்வைப் பழகிய காது உணரும். திரை விலகியது போன்ற தெளிவு என்று அதைப் புகழவும் செய்யும். சில வாரங்களில் அதே ஒலி காதை உறுத்தத் தொடங்கினால் பழி கண்டென்சரின் தயாரிப்பாளர்மேல் விழும். நிவாரணம் எளியது: பிலிமோடு தொடராக 0.33 ஓம் அல்லது 0.47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 2என்3055 டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் கட்டிய எந்த மெக்கானிக்கின் டப்பாவிலும் இந்த 5 வாட் ரெசிஸ்டர் கிடக்கும்.

பிலிம் கண்டென்சர் கிடைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவுக்கோ வெளிநாட்டுக்கோ ஆர்டர் போட்டு, ஒலிக்கென்றே தனியாக முத்திரையிட்ட கண்டென்சரைப் பல மடங்கு விலைக்கு வாங்குவது ஆர்வலர் வழக்கம். ராஜபாளையத்தின் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும் மின்விசிறிக் கண்டென்சர் 440 வோல்ட் மாறுமின்னழுத்தத்துக்கு உலோகம் பூசிய பாலிப்ரொப்பிலீனில் செய்யப்பட்டது. அளவுகள் 2.25, 2.5, 3.15, 4 மைக்ரோஃபாரட். பிழை எல்லை 5 சதவீதம். இரண்டு 2.5ஐப் பக்கவாட்டில் இணைத்தால் 5. பம்புசெட்டின் ரன்னிங் கண்டென்சர் 36, 50 மைக்ரோஃபாரட் அளவுகளில் அதே வகைப் பிலிம்தான். அமெரிக்காவில் கிளிப்ஷ் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர்களும் மோட்டார் கண்டென்சர்களை நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே இதை ஏழையின் மாற்றுவழி என்று தள்ளத் தேவையில்லை. எச்சரிக்கை ஒன்று: பம்புசெட்டின் ஸ்டார்ட்டிங் கண்டென்சர் எலக்ட்ரோலிடிக் இனம்; சில விநாடிகள் மட்டும் மின்சாரம் தாங்கச் செய்தது. வெளியே இரண்டும் ஒரே மாதிரி உருளையாக இருந்தாலும் கிராஸ்ஓவரில் அதற்கு இடமில்லை. ஓடித் தேய்ந்த விசிறியிலிருந்து கழற்றிய கண்டென்சரும் வேண்டாம். விசிறி மெதுவாகச் சுற்றியதே அது அளவு குறைந்ததால் இருக்கலாம்.

பெரிய மதிப்புகளில் பிலிம் மீதான பிடிவாதம் அபத்தமாகும். ஏஆர்-3ஏயின் கிராஸ்ஓவரில் 6, 50, 150 மைக்ரோஃபாரட் என மூன்று கண்டென்சர்கள். பிரிப்பு 575 ஹெர்ட்ஸிலும் 5,000 ஹெர்ட்ஸிலும். ட்வீட்டருக்குரிய 6க்குப் பிலிம் வைப்பது நியாயம். ஊஃபரின் 150க்குப் பிலிம் வாங்கினால் பொருள் பெட்டிக்குள் அடங்காத பருமனுக்குப் போகும், விலையும் ஏறும், காதுக்குக் கிடைப்பது ஏதுமில்லை. அந்த இடத்தில் புதிய நான்-போலார் எலக்ட்ரோலிடிக் போதும். அதுவும் கிடைக்காத ஊரில் இரண்டு சாதாரண கண்டென்சர்களின் மைனஸ் முனைகளைச் சேர்த்துத் தொடராக்கும் பழக்கம் இருக்கிறது. அப்போது அளவு பாதியாகும் என்பதை மறந்து, இரண்டு 5ஐச் சேர்த்து 5 என்று எண்ணிக்கொள்வது அடிக்கடி காணும் தவறு. உண்மையில் கிடைப்பது 2.5. ஒற்றைப் போலார் கண்டென்சரையே வைத்துவிடுவது அதைவிட மோசம். மாறுமின்னோட்டத்தில் அது சூடேறி வீங்கும்.

கண்டென்சருக்கு அடுத்துக் காயிலின்மேல் கைவைப்பவர்கள், தடித்த கம்பி நல்லது என்ற பொதுநம்பிக்கையில் செயல்படுகிறார்கள். ஆலையில் போட்ட காயிலின் தடை 0.9 ஓம் என்றும், புதிய தடித்த காயிலின் தடை 0.3 ஓம் என்றும் கொள்ளலாம். 8 ஓம் ஊஃபரின் ஒலி 0.6 டெசிபல் கூடும். அதோடு முடிவதில்லை. ஊஃபரின் சுருள்தடை 6 ஓம் என்றால், காயிலையும் சேர்த்த தடை 6.9இலிருந்து 6.3க்கு இறங்கும், ஊஃபரின் மின்னடக்கம் ஏறத்தாழ 9 சதவீதம் இறுகும். ஆஸ்திரேலியாவில் தீல் 1961இல் வெளியிட்டதும், ஸ்மால் 1970களில் விரித்ததுமான கணக்குமுறைப்படி, பெட்டியின் கொள்ளளவும் துளையின் நீளமும் இந்த எண்ணைச் சார்ந்தே தீர்மானிக்கப்படுகின்றன. பலகையை அறுத்து மூடிய பிறகு எண்ணை மட்டும் மாற்றினால் தாழ்சுருதியின் வடிவம் மாறும். நல்லதாக மாறுமா, மெலிந்து போகுமா என்பது பெட்டிக்குப் பெட்டி வேறு.

தென்மாவட்டங்களில் நடைபெறும் பெரும் சேதம் இந்த நுட்பங்களால் வருவதில்லை. ஆலைக் கிராஸ்ஓவரை முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் தொங்கும் ரெடிமேட் போர்டை மாட்டுவதால் வருகிறது. இருவழி, மூவழி என்றும் இத்தனை வாட் என்றும் அந்தப் போர்டில் அச்சிட்டிருக்கும். எத்தனை ஓம் யூனிட்டுக்கு, எந்த ட்வீட்டருக்கு, எத்தனை டெசிபல் அடக்கத்தோடு என்பது இருக்காது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது எந்த யூனிட்டையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. யூனிட் எரிந்தால் கையில் கிடைத்ததை மாட்டும் பழக்கம் இதோடு சேர்கிறது. பிலிப்ஸ் தன் யூனிட்டுகளின் பெயரிலேயே ஓமையும் வகையையும் பொறித்தது: ஏடி0160/டி8 என்றால் 8 ஓம் ட்வீட்டர், ஏடி5060/எஸ்கியூ8 என்றால் 8 ஓம் நடு யூனிட். அந்த டி8 இருந்த துளையில் 4 ஓம் கார் ட்வீட்டர் உட்கார்ந்ததும், 4,000 ஹெர்ட்ஸில் பிரித்த அதே கண்டென்சர் 8,000 ஹெர்ட்ஸில் பிரிக்கத் தொடங்கும். நடுவில் ஒரு ஸ்தாயி முழுவதும் யாரும் ஏற்காமல் கிடக்கும். இந்நிலையில் கண்டென்சரைப் புதிதாக்குவது வீண்வேலை. முதலில் யூனிட் சரியாக வேண்டும்.

விழாப் பெட்டிகளில் இன்னொரு வகைப் பிழை. கொம்பு ட்வீட்டருக்குத் தொடராகச் சிறு பல்பு ஒன்று இருப்பதைக் காணும் புதியவர், யாரோ அலங்காரத்துக்கோ தவறுதலாகவோ வைத்தது என்று எண்ணி எடுத்துவிடுகிறார். உண்மையில் அந்தப் பல்பின் இழை சூடேறும்போது அதன் தடை உயர்ந்து, மிகைச்சக்தியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ட்வீட்டரின் சுருள் தப்பும். பல்பை நீக்கிய பெட்டி சோதனையில் உரக்கவே பாடும். சித்திரைப் பொங்கலின் முதல் இரவிலேயே ட்வீட்டர் போய்விடும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் தடை விதித்திருப்பதால், கிடைத்த நேரத்துக்குள் முழு ஒலியையும் பிழிந்தெடுக்கும் அழுத்தம் வேறு உண்டு.

முனை மாறிப் பற்றவைப்பதும் சாதாரணமாக நேர்வது. 12 டெசிபல் சரிவுள்ள பல இருவழிச் சுற்றுகளில் ட்வீட்டர் வேண்டுமென்றே தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கும். பிரிப்பு அதிர்வெண்ணில் இரு யூனிட்டுகளின் அலைகளும் எதிரெதிர் நிலையில் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாதிருக்க அது ஏற்பாடு. சிவப்பும் சிவப்பும் சேர வேண்டும் என்று இதைத் திருத்துபவர் பிரிப்பிடத்தில் ஆழமான பள்ளத்தை உண்டாக்குகிறார்.

கிராஸ்ஓவரைத் தனிப்பொருளாகப் பார்ப்பதே இந்தப் பிழைகளுக்கெல்லாம் ஊற்று. அதை மறுக்கும் சிறந்த சான்று பிபிசியின் எல்எஸ்3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்காக வடிவமைத்த அந்தச் சிறுபெட்டியைப் பற்றி ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் 1976இல் பிபிசி ஆய்வுத்துறை அறிக்கை எழுதினார்கள். கெஃப் நிறுவனத்தின் பி110 ஊஃபரும் டி27 ட்வீட்டரும் ஆலையிலிருந்து ஒன்றுபோல வருவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டே, கிராஸ்ஓவரில் பல முனைகள் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, ட்வீட்டரின் மட்டத்தைப் பெட்டிதோறும் தேர்ந்து அமைத்தார்கள். காலப்போக்கில் யூனிட்டுகளின் குணம் நகர்ந்துவிட, 1980களின் பிற்பகுதியில் கிராஸ்ஓவரையே மாற்றி வரைந்து 15 ஓம் பெட்டி 11 ஓம் ஆனது. அத்தகைய பெட்டியின் கிராஸ்ஓவர் எண்களைப் பொதுவான வரைபடத்தைப் பார்த்து மாற்றியமைப்பவர், அந்தக் குறிப்பிட்ட ஜோடிக்கெனச் செய்த தேர்வை அழிக்கிறார். மறுகோடியில், 1970இல் வந்த ஜேபிஎல் எல்100இல் 12 அங்குல ஊஃபருக்குக் காயிலே கிடையாது. நேராக ஆம்ப்ளிஃபயரோடு இணைப்பு. பாடநூல்படி குறை என்று சொல்லி அதற்குக் காயில் சேர்ப்பவர்கள் அளவுக்கோட்டைச் சமன்படுத்துவது உண்மை. ஆனால் மக்கள் தேடி வாங்கும் எல்100இன் முன்னேறிப் பாடும் குணம் அந்தக் குறையிலிருந்தே வருவது. சரிசெய்த பெட்டி நல்ல பெட்டியாக இருக்கலாம். எல்100 ஆக இருக்காது.

பலன் கிடைத்ததா என்று தீர்ப்புச் சொல்லும் முறை இந்த வழக்கத்தின் மிகப் பலவீனமான பகுதி. ஒரு மாலை முழுவதும் பெட்டியைப் பிரித்துப் பற்றவைத்துப் பணமும் செலவழித்தவர், பாட்டைப் போட்டதும் முன்னேற்றத்தைக் கேட்கிறார். முந்தைய ஒலி நினைவில் மட்டுமே இருக்கிறது. ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதும் திரைக்குப் பின்னால் மறைத்துக் கேட்டபோதும் அதே ஆட்கள் தந்த மதிப்பெண்கள் வேறுபட்டன, அனுபவமுள்ளவர்களும் விலக்கல்ல. புதுக் கண்டென்சர் நூறு மணி நேரம் ஓடிய பிறகே மலரும் என்ற நம்பிக்கையும் இதே இனம். பிலிமின் அளவு நூறு மணி நேரத்தில் மாறுவதில்லை. மாறுவது கேட்பவரின் பழக்கம்.

நேர்மையான ஒப்பீடு கடினமானதல்ல. ஒரு பெட்டியை மட்டும் புதுப்பித்துவிட்டு, இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே ஒலியை மோனோவில் மாற்றி மாற்றி இயக்கினால் வேறுபாடு தானாக வெளிப்படும். எது புதியது என்று தெரியாதவரை உட்காரவைத்தால் இன்னும் நல்லது. கொள்ளளவும் உள்தடையும் காட்டும் சிறு அளவுமானி இன்று விலை மலிவு. கணினியும் அளவிடும் மைக்கும் இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் முன்னும் பின்னும் கோடு வரைந்து பார்க்கலாம். கழற்றிய கண்டென்சரை அளந்து அது குறித்த எல்லைக்குள் இருப்பதைக் கண்டால் திரும்ப வைத்துவிடும் மனத்திடம் வேண்டும். அதைத்தான் இந்தத் துறையில் அரிதாகக் காண முடிகிறது.

எந்தப் பெட்டிக்கு இந்த உழைப்புத் தகும் என்பதும் திறனாய்வில் அடங்கும். யூனிட்டுகள் மூலப்படி இருந்து, கோனின் விளிம்பு முழுதாக இருந்து, பலகையைக் கரையான் தொடாதிருந்தால் சோனோடைனோ காஸ்மிக்கோ ஜப்பானியப் பெட்டியோ கண்டென்சர் செலவுக்கு ஈடு தரும். விளிம்பின் பஞ்சு உதிர்ந்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். காற்று கசியும் ஊஃபரை எந்தக் கிராஸ்ஓவரும் காப்பாற்றாது. உள்ளூர்த் தச்சர் கட்டிய பெட்டிகளில் மூலம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் பெரும்பாலும் இல்லாததால், மறுவடிவமைப்புக்கு உண்மையில் உரிமையுள்ள இடம் அவைதான். எதையும் அழித்துவிடும் அச்சமின்றி யூனிட்டை அளந்து புதுச் சுற்று வரையலாம். விந்தை என்னவென்றால், துணிந்து மாற்ற வேண்டிய இந்தப் பெட்டிகளைக் கேட்பாரற்று விட்டுவிட்டு, தொடக்கூடாத புகழ்பெற்ற பெட்டிகளிலேயே எல்லோரும் கைவரிசை காட்டுகிறார்கள்.

விழாப் பெட்டிகளுக்கு இன்று வேறு வழி திறந்திருக்கிறது. பெட்டிக்குள் பிரிப்பதை விட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே டிஎஸ்பி எனப்படும் டிஜிட்டல் ஒலிச்செயலிக் கருவியில் பிரித்து, ஊஃபருக்கும் கொம்புக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் கொடுத்தால், பழைய கிராஸ்ஓவரின் வெப்ப இழப்பும் தேய்மானமும் ஒருசேர நீங்கும். பிரிப்பு அதிர்வெண்ணும் சரிவும் பொத்தானில் மாறும். கூடுதலாக ஓர் ஆம்ப்ளிஃபயரும், தவறான அமைப்பை ஏற்றிவிடாத ஆளும் தேவை. கிராஸ்ஓவர் போய்விட்டது என்று கொம்பு யூனிட்டை ஆம்ப்ளிஃபயரோடு வெறுமனே இணைப்பதும் ஆபத்து. சுவிட்ச் போடும்போது எழும் அதிர்வோ நேர்மின்னோட்டக் கசிவோ மெல்லிய சுருளை எரித்துவிடும். அதனால் பாதுகாப்புக்கு ஒரு கண்டென்சர் தொடரில் இருந்தாக வேண்டும். அதன் வெட்டு அதிர்வெண் டிஎஸ்பியின் பிரிப்புக்கு ஏறத்தாழ இரண்டு ஸ்தாயி கீழே அமைந்தால் ஒலியில் குறுக்கிடாது: 8 ஓம் கொம்பு 1,500 ஹெர்ட்ஸில் பிரிக்கப்பட்டால் 50 மைக்ரோஃபாரட் பம்புசெட் ரன்னிங் கண்டென்சர் 400 ஹெர்ட்ஸில் வெட்டி அந்த வேலையைச் செய்துவிடும்.